இரண்டு முறை சுட்ட ஸ்டஃப்டு உருளைக்கிழங்கு: வயிறு நிறைய ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு முழுமையான வழிகாட்டி

செய்முறையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பெரிய உருளைக்கிழங்கை முழுதாகச் சுட்டு, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, வெண்ணெயும் சீஸும் சேர்த்து மசித்து, அதே தோலுக்குள் திரும்பக் குவித்து, மறுபடியும் ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். இவ்வளவு எளிதான ஒன்று ஏன் பல நேரம் தோல் தொய்ந்து, உள்ளே பிசுபிசுத்து, சப்பென்று வந்து நிற்கிறது? பெரும்பாலும் காரணம் ஈரம்தான். பச்சைக் கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதில் வேண்டாததை எப்போது, எந்த வழியாக வெளியேற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இது நன்றாக வருவதும் வராததும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன.

மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். அதில் நம் கை படுவது அரை மணிக்குச் சற்று அதிகம்; மீதி நேரம் ஓவன் பார்த்துக்கொள்ளும். அவசரத்துக்கு மைக்ரோவேவ் வழி ஒன்று உண்டு, அதையும் பின்னால் சொல்கிறேன்.

4 பேருக்குத் தேவையானவை

- பெரிய உருளைக்கிழங்கு – 4 (ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிராம்)
- வெண்ணெய் – 50 கிராம்
- பால் – 60 மி.லி., சூடாக
- சவர் க்ரீம் அல்லது நீர் வடித்த கெட்டித் தயிர் – 100 கிராம்
- துருவிய செடார் சீஸ் – 150 கிராம்
- காளான் – 200 கிராம்
- வேகவைத்த சிவப்பு பீன்ஸ் – அரை கப்
- பெரிய வெங்காயம் – 1, பூண்டு – 3 பல்
- வெங்காயத்தாள் – 4 தண்டு
- கடுகு பேஸ்ட் – 1 தேக்கரண்டி
- எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
- உப்பு, மிளகுத்தூள்

கிழங்கைத் தேர்ந்தெடுப்பது

மற்ற எதில் சமாளித்தாலும் இதில் சமாளிக்க முடியாது. உருளைக்கிழங்கில் பொதுவாக இரண்டு குணம் உண்டு. ஒன்று மாவுச்சத்து நிறைந்தது. வெந்ததும் மாவு மாவாக உதிரும். இன்னொன்று மாவுச்சத்து குறைந்து, ஈரம் கூடியது. வெந்த பிறகும் துண்டு உடையாமல் நிற்கும். இரண்டாவது ரகம் சாலடுக்கும் குழம்புக்கும் அருமை, ஆனால் சுட்டு மசித்தால் கெட்டியாக, வழவழவென்று ஆகிவிடும். நமக்கு முதல் ரகம் வேண்டும். ரஸ்ஸெட் பர்பேங்க், மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. பெயர் எழுதாமல் விற்கும் இடத்தில் தோலைப் பாருங்கள். சற்றுச் சொரசொரப்பாக, மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் மாவுக் கிழங்கு. மெல்லிய, பளபளப்பான தோலோடு சின்னதாக இருப்பவற்றைத் தவிர்த்துவிடலாம்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. கால் கப் உப்பை இரண்டே முக்கால் கப் தண்ணீரில் கரைத்து, கிழங்கை அதில் போடுங்கள். மாவுச்சத்து அதிகமான கிழங்கு அடர்த்தியும் அதிகமானது, அதனால் மூழ்கும். மிதந்தால் அது ஈரக் கிழங்கு. ஒரு கிழங்கை மட்டும் சோதித்தால் அந்த மூட்டை முழுவதைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவிடும்.

நான்கும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். 200 கிராம் கிழங்கும் 400 கிராம் கிழங்கும் ஒரே நேரத்தில் வேகாது; ஒன்று வறண்டு போகும், இல்லையென்றால் மற்றது நடுவில் வேகாமல் நிற்கும். பச்சை பாய்ந்த கிழங்கு வேண்டாம். அந்தப் பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சையத்தோடு சேர்ந்து சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கும், சூட்டில் அது அவ்வளவாக அழியாது. தோலோடு சாப்பிடும் பண்டம் என்பதால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. வாங்கியதை இருட்டான, காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, கிழங்கு தித்திக்கும், சுடும்போது சீக்கிரம் கருகும்.

முதல் சுடுதல்

ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். சூடாகும் நேரத்தில் கிழங்கைத் தேய்த்துக் கழுவுங்கள், கண்களில் மண் தங்கியிருக்கும். முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் வெடிக்குமா என்றால், வெடிப்பது அபூர்வம்தான். ஆனால் ஒரு தடவை வெடித்தால் போதும், ஓவனின் நான்கு சுவரிலும் மசியல் ஒட்டியிருக்கும். அரை நிமிட வேலைக்காக அந்த ஆபத்தை எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது உப்பு. அரை கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, கிழங்குகளை அதில் புரட்டி எடுத்து, அப்படியே ட்ரேயில் வைத்த கம்பித் தட்டின் மேல் அடுக்குங்கள். தண்ணீர் வற்றியதும் உப்பு தோல் முழுக்கச் சீராகப் படிந்து நிற்கும். உலர்ந்த தோலில் கல்லுப்பைத் தேய்த்தால் பாதி ட்ரேயில்தான் கொட்டும். கம்பித் தட்டு எதற்கென்றால், ட்ரேயில் நேராக வைத்தால் அடிப்பக்கம் காற்றுப் படாமல் ஈரமாகவே இருக்கும். தட்டு இல்லையென்றால் பாதி நேரத்தில் ஒரு முறை திருப்பிவிடுங்கள்.

எண்ணெய் இப்போது வேண்டாம். பல செய்முறைகள் முதலிலேயே தடவச் சொல்கின்றன. ஆனால் தோல் முதலில் உலர வேண்டும், எண்ணெய்ப் படலம் அதைத் தாமதப்படுத்தும். கிழங்கு வெந்த பிறகு எண்ணெய் தடவி இன்னும் 10 நிமிடம் வைத்தால், உலர்ந்த தோல் எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று ஆகும்.

அலுமினியத் தாளில் சுற்றவே சுற்றாதீர்கள். சுற்றினால் நடப்பது சுடுதல் அல்ல, அவித்தல். உள்ளிருந்து வரும் ஆவி போக வழியில்லாமல் தோலிலேயே படிந்து, அதை ஊறவைத்துவிடும். சுட்ட வாசனையும் வராது. தாளை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் பின்னால் வருகிறது, அது ருசியைவிடப் பெரிய விஷயம்.

250 முதல் 300 கிராம் கிழங்குக்கு 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்பலாம். கிழங்கின் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரிக்குள் இருந்தால் சரி. 85 டிகிரியிலேயே கத்தி ஓரளவு இறங்கிவிடும், அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடுவோம். ஆனால் அப்போது உள்ளே இன்னும் இறுக்கமாகவும் ஈரமாகவும்தான் இருக்கும். செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் நன்றாக இளகி, மிச்ச ஈரம் ஆவியாகக் கிளம்புவது அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து டிகிரியில்தான். வெப்பமானி இல்லாதவர்கள் துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் அமுங்க வேண்டும். இந்த நிலையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை எல்லாக் கிழங்குக்கும் தடவி, 10 நிமிடம் திரும்ப வையுங்கள்.

பிளப்பதும் சுரண்டுவதும்

வெளியே எடுத்ததும் காத்திருக்கக் கூடாது. சூட்டோடு, துணியால் பிடித்துக்கொண்டு, ரம்பப் பல் கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஆவி குப்பென்று கிளம்பும், அதுதான் நாம் விரும்புவது. முழுதாக ஆறவிட்டால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகி, சதையைப் பிசுபிசுப்பாக்கிவிடும். பிளந்த பிறகு கை பொறுக்கும் சூடு வரும்வரை ஐந்து நிமிடம் விடலாம்.

கரண்டியால் உட்பகுதியைச் சுரண்டி எடுங்கள். தோலை ஒட்டி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்துக்கு, அதாவது சுண்டுவிரல் பருமனைவிடக் குறைவாக, ஒரு சுவர் நிற்க வேண்டும். பேராசைப்பட்டு வழித்தெடுத்தால் தோல் கிழியும், நிறைத்ததும் இரண்டு பக்கமும் சரியும். ஒன்றிரண்டு கிழிந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் மசியலை வைத்து அடைத்துவிடலாம். மேலே சீஸ் வந்ததும் யாருக்கும் தெரியாது.

காலியான ஓடுகளின் உட்புறம் லேசாக எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க, ஓவனில் 8 நிமிடம் தனியாக வையுங்கள். இந்தப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், என் கணக்கில் மிக அதிக பலன் தரும் 8 நிமிடம் இதுதான். ஓட்டின் உள்பக்கமும் உலர்ந்து இறுகுவதால், நிறைத்த பிறகு அது ஈரத்தை உறிஞ்சித் தொய்யாது.

மசியல்

மசிக்கும்போது கிழங்கு சூடாகவே இருக்க வேண்டும். கை மசிப்பானோ முள்கரண்டியோ போதும். மிக்சி, ஃபுட் பிராசசர் இரண்டும் கூடவே கூடாது. வேகமாகச் சுற்றும் கத்தி, மாவுச்சத்து உப்பி நிற்கும் செல்களைக் கிழித்து எறியும். வெளியே வந்த மாவுச்சத்து எல்லாம் சேர்ந்து பசையாகிவிடும். அப்படி ஆன மசியலை மீட்க வழியே இல்லை.

முதலில் வெண்ணெய், பிறகுதான் பால். கொழுப்பு முதலில் மாவுச்சத்தைச் சுற்றிப் படிந்துகொண்டால், பின்னால் வரும் பாலை அது அளவாகவே இழுக்கும், மசியல் மெத்தென்று இருக்கும். பாலைச் சூடாக ஊற்றுங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. 60 மில்லியும் தேவைப்படாமல் போகலாம். கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்க வேண்டும், வழியக் கூடாது. தட்டில் தனியாகப் பரிமாறும் மசியலைவிட இது ஒரு படி கெட்டியாக இருக்கட்டும், ஏனென்றால் சீஸ் உருகும்போது இளகும்.

அப்புறம் சவர் க்ரீம், கடுகு பேஸ்ட், 100 கிராம் சீஸ், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, மிளகுத்தூள். சீஸை வீட்டிலேயே துருவுவது நல்லது. பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், அது சீராக உருகாது. இழுபடும் சீஸ்தான் வேண்டும் என்றால் மொஸரெல்லா பாதி, செடார் பாதி. மொஸரெல்லா மட்டும் போட்டால் நூல் நூலாக இழுபடும், ருசி மட்டும் எங்கேயோ போயிருக்கும்.

உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். உருளைக்கிழங்கு உப்பை விழுங்கும் பொருள். சீஸிலேயே உப்பு இருக்கிறதே என்று நினைத்துக் கை இறுக்கினால்தான் சப்பென்று போகிறது. இந்த இடத்தில் ருசி பார்க்கும்போது ஒரு துளி தூக்கலாகத் தோன்றினால், தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும்.

நிரப்பும் பொருள்

வெறும் சீஸ் மசியல் பக்கத்துணைக்குச் சரி. அதுவே முழு இரவுச் சாப்பாடு என்றால் மெல்ல ஏதாவது வேண்டும், புரதமும் வேண்டும். காளானும் பீன்ஸும் இந்த இரண்டையும் தீர்த்துவைக்கும்.

அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நறுக்கிய காளானைப் பரப்பிப் போடுங்கள். உப்பு இப்போது வேண்டாம், கிளறவும் வேண்டாம். முதலில் தண்ணீர் விடும், பிறகு அந்தத் தண்ணீர் வற்றும், பிறகுதான் சிவக்கத் தொடங்கும். பெரிய தீயில் 8 முதல் 10 நிமிடம். தண்ணீர் விட்டதும் அடுப்பை அணைத்துவிட்டால், மீதித் தண்ணீரை அது கிழங்குக்குள் போய்த்தான் விடும். சிவந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்கி, நீர் வடித்த பீன்ஸைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, உப்பும் மிளகும் சேர்த்து இறக்குங்கள். டின் பீன்ஸ் என்றால் அலசி, ஈரம் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

கறி விரும்புகிறவர்கள் காளானுக்குப் பதில் 250 கிராம் கொத்துக்கறியை இதே மாதிரி சிவக்க வதக்கலாம். மிச்சமான வறுத்த கோழியைப் பிய்த்துப் போட்டாலும் நன்றாக இருக்கும். ப்ரோக்கோலி போடுவதாக இருந்தால் வேகவைக்க வேண்டாம்; ஓவனில் சுட்டோ, வாணலியில் வதக்கியோ சேருங்கள். தக்காளியை மட்டும் நான் உள்ளே விடமாட்டேன். விருப்பம் என்றால் பரிமாறும்போது மேலே வைத்துக்கொள்ளலாம்.

இதை மசியலோடு கலக்கவும் செய்யலாம், ஓட்டின் அடியில் தனி அடுக்காகவும் வைக்கலாம். எனக்கு அடுக்குதான் பிடிக்கும். கலந்துவிட்டால் எந்த வாய் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அடுக்கில் முதலில் சீஸ், பிறகு மெத்தென்ற மசியல், கடைசியில் சிவந்த காளான் என்று மாறி மாறி வரும்.

இரண்டாவது சுடுதல்

ஓவனை 200 டிகிரிக்குக் குறையுங்கள். ஓடுகளில் நிரப்பும் பொருளைப் போட்டு, மேலே மசியலைத் தாராளமாகக் குவியுங்கள். அழுத்தித் தட்டையாக்காதீர்கள். முள்கரண்டியால் மேலே கீறல் கீறலாக இழுத்துவிட்டால் அந்த மேடுகள் பொன்னிறமாகச் சிவக்கும். மீதி 50 கிராம் சீஸைத் தூவி, 15 முதல் 20 நிமிடம். சீஸ் கொதித்து, ஓரங்கள் பழுப்பேறினால் முடிந்தது. மேற்புறம் போதவில்லை என்றால் கிரில் முறையில் இரண்டு நிமிடம், ஆனால் அந்த இரண்டு நிமிடமும் ஓவன் முன்னால்தான் நிற்க வேண்டும்.

எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவிப் பரிமாறுங்கள். ஒருவருக்கு இரண்டு பாதி. பக்கத்தில் எலுமிச்சைச் சாறு விட்ட பச்சைக் காய்கறி சாலட் இருந்தால் வெண்ணெயும் சீஸும் திகட்டாது.

ஓவன் இல்லாமலும், அவசரத்திலும்

ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பி. காற்று வேகமாகச் சுற்றுவதால் தோல் நன்றாகவே வரும். கூடையில் இடம் நெருக்கமாக இருந்தால் இரண்டு இரண்டாகச் சுடுங்கள்.

மைக்ரோவேவில் இரண்டு கிழங்கைக் குத்தி 5 நிமிடம் வைத்து, திருப்பிப் போட்டு இன்னும் 3 முதல் 5 நிமிடம். உள்ளே வெந்துவிடும், தோல் மட்டும் துவண்டிருக்கும். அதனால் எண்ணெயும் உப்பும் தடவி 220 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்துவிட்டுப் பிளக்கவும். முழுக்க ஓவனில் சுட்டதன் வாசனை இதில் வராது, ஆனால் வேலை நாள் இரவில் ஏறக்குறைய அரை மணி நேரம் மிச்சம்.

முன்கூட்டிச் செய்து வைப்பது, மிச்சம் வைப்பது

இந்தப் பண்டத்தின் பெரிய வசதியே இதுதான். நிறைத்து, இரண்டாவது சுடுதலுக்கு முன்னால் நிறுத்திவிடலாம். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து, மறுநாள் 190 டிகிரியில் 30 நிமிடம் சுடலாம். ஃப்ரீசரில் என்றால், முதலில் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சுற்றி வையுங்கள். இரண்டு மாதம் தாங்கும். வெண்ணெயும் சீஸும் இருப்பதால் மசியல் உறைந்து இளகியும் பெரிதாகத் தண்ணீர் விடாது. உறைந்ததை அப்படியே 180 டிகிரியில், முதல் 30 நிமிடம் மூடியும் பிறகு 20 நிமிடம் திறந்தும் சூடாக்கலாம்.

இங்கேதான் அலுமினியத் தாள் விஷயம். மண்ணில் விளையும் எதிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கிழங்கு வேகும் சூட்டில் அவை சாகாது. தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே அறை வெப்பநிலையில் வைத்தால், காற்று புகாத அந்த ஈரமான சூடு அவை வளர்ந்து நச்சு சுரக்கத் தோதான இடம். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் இப்படி வைத்திருந்த கிழங்கால் செய்த டிப்பைச் சாப்பிட்டு 30 பேர் அந்த நச்சு உண்டாக்கும் பாட்டுலிசம் என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். தாள் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சுட்டதும் பிரித்துவிடுங்கள். எப்படிச் சுட்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

சுட்டு முடித்த மிச்சம் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் நன்றாக இருக்கும். திரும்பச் சூடாக்க 180 டிகிரி ஓவனில் 20 நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் மட்டும் என்றால் தோல் போய்விடும். இரண்டு நிமிடம் மைக்ரோவேவில் உள்ளே சூடாக்கி, ஐந்து நிமிடம் ஏர் ஃப்ரையரில் வைத்தால் இரண்டும் கிடைக்கும். பச்சை வெங்காயத்தாள் தூவியிருந்தால் சூடாக்கும் முன் எடுத்துவிடுங்கள், கருகிக் கசக்கும்.